மஞ்சள் துணியில் வந்த கறுப்பு

சில வருடங்களுக்கு முன், மழை விட்டிருந்த ஒரு டிசம்பர் வெள்ளிக்கிழமை. பல்லாவரம் சந்தையில் பழைய இசைத்தட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஓடாத மிக்ஸி, சைக்கிள் செயின், யாரோ வீட்டுக் கல்யாண ஆல்பம் எல்லாம் ஒரே தார்ப்பாயில் கிடக்கும் சந்தை அது. ஜாஸ் தட்டு அங்கே எப்போதாவதுதான் அகப்படும். அகப்பட்டாலும் அட்டை கரையான் அரித்து, தட்டின் மேல் சேறு காய்ந்திருக்கும். இருந்தாலும் விடுமுறை கிடைக்கும் வெள்ளிக்கிழமைகளில் போய்விடுவேன்.

அன்று என் பக்கத்தில் ஒரு பெண்மணி வந்து நின்றார். அறுபது வயது இருக்கும். என் வீட்டில் ரெக்கார்டு ப்ளேயர் இருக்கிறதா என்று கேட்டார். கையில் துணிப்பை. கடைக்காரர் அதைப் பார்த்துக் கை நீட்டியதும், "விக்கறதுக்கு இல்லைங்க" என்று பையை மார்போடு அணைத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். கீழ்க்கட்டளையில் வீடு. அந்த மழைக்காலத்தில்தான் அவருடைய அம்மா இறந்திருந்தார். அம்மாவின் பீரோவை ஒழித்தபோது, புடவைகளுக்கு அடியில் ஒரு தட்டு கிடைத்திருக்கிறது. அப்பா வாசித்தது. அவர் மவுண்ட் ரோடு ஓட்டல் ஒன்றில் டிரம்பெட் வாசித்தவர். இவருக்கு இரண்டு வயதாகும்போது விபத்தில் போய்விட்டார். வீட்டிலிருந்த கிராமபோனும் அதன்பின் கைமாறிவிட்டது. தட்டு மட்டும் தங்கிவிட்டது.

"இந்தத் தட்டுல, வாசிக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி அப்பா என் பேரைச் சொல்லுவாராம் சார். 'இது உனக்கு'ன்னு. அம்மா சொல்லியிருக்காங்க. நான் அவர் குரலையே கேட்டதில்லை."

என் ப்ளேயர் அப்போது பழுதாகிக் கிடந்தது. இரும்புலியூரில் எனக்குத் தெரிந்த ஒரு பாய் இருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை அழைத்துப் போகிறேன் என்றேன்.

பாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். மவுண்ட் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இசைத்தட்டுக் கடை வைத்திருந்தார். ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோன ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் விற்றுவிட்டுப் போன தட்டுகள் ஒரு அலமாரி நிறைய அங்கே இருக்கும். நான் ஜாஸ் கேட்கப் பழகியது அந்த அலமாரியின் முன்னால் நின்றுதான். கடையில் ஒரு வழக்கம் உண்டு. எந்தத் தட்டையும் துடைக்காமல் பாய் ப்ளேயரில் வைக்க மாட்டார். கவுண்டருக்கு அடியிலிருந்து ஒரு பாட்டிலும் மஞ்சள் ஃபிளானல் துணியும் வெளியே வரும். தட்டை விளிம்பில் பிடித்து, வெளி ஓரத்தில் ஆரம்பித்து, கோடுகளின் போக்கிலேயே சுற்றிச் சுற்றித் துடைப்பார். அவசரக்காரர்கள் வேறு கடைக்குப் போய்விடுவார்கள். நாங்கள் நிற்போம். கடையை மூடி, மிச்சச் சரக்கோடு மகன் வீட்டு மாடிக்கு வந்த பிறகும் பாட்டிலும் துணியும் அவருடனேயே இருந்தன.

ஞாயிறு பிற்பகல் போனோம். பாயின் மனைவி டீ கொடுத்தார். தட்டில் வரப்போகும் அப்பாவின் குரலைப் பதிவு செய்துகொள்ள, அந்தம்மா கைப்பேசியில் ஒலிப்பதிவை ஓடவிட்டு மேசை மேல் வைத்தார். பிறகுதான் தட்டை எடுத்தார். வழக்கமான தட்டை விடக் கொஞ்சம் சின்னது. நடுவில் ஒட்டிய வெள்ளைத் தாளில் பேனாவால் எழுதிய எழுத்து மங்கியிருந்தது.

பாய் கையில் வாங்கி எடை பார்த்தார். "கம்பெனி தட்டு இல்லியே இது. ஸ்டுடியோல தனியா போட்டுக் குடுத்தது. நம்ம கடைக்கு இதெல்லாம் வந்ததே இல்ல சார்" என்று என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் சந்தோஷம் தெரிந்தது.

பாட்டில் வந்தது. துணி வந்தது. ஸ்பிரிட் வாசனை அறையில் பரவியதும் அந்தம்மா சிரித்தார்.

"ஊசி போடறதுக்கு முன்னாடி நாங்க கையைத் துடைப்போமே, அதே வாசனை."

"பின்ன? மாப்பிள்ளைய முகம் கழுவாம மேடையேத்துவாங்களாம்மா?" என்றார் பாய்.

துடைக்க ஆரம்பித்தார். துணியில் கறுப்பாக வந்தது. "எத்தினி வருஷத்து அழுக்கு பாருங்க" என்று துணியை மடித்து, சுத்தமான பக்கத்தைத் திருப்பி, இன்னும் கொஞ்சம் ஸ்பிரிட் விட்டு, அழுத்தித் தேய்த்தார். மறுபடியும் கறுப்பு. நானும் அழுக்கு என்றுதான் நினைத்தேன்.

ஜன்னல் வெளிச்சத்தில் தட்டைச் சாய்த்தபோது அவர் கை நின்றது. தட்டின் ஓரத்தில், இரண்டு விரல் அகலத்துக்குச் சுற்றிலும், வெள்ளி போல ஏதோ மின்னியது. அது அலுமினியம். கடையில் விற்கும் தட்டு முழுக்க ஒரே பொருளால் ஆனது. இது அப்படியல்ல, உலோகத் தகட்டின் மேல் மெல்லிய கறுப்புப் பூச்சு, அந்தப் பூச்சில்தான் ஒலியின் கோடுகள் என்பதைப் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். ஸ்பிரிட் பட்டால் பூச்சு கரைந்துவிடும். துணியில் வந்த கறுப்பு அழுக்கு இல்லை.

அந்தம்மா துணியைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். பிறகு நிதானமாகக் கேட்டார்.

"பாட்டு எந்தப் பக்கத்துலேர்ந்து ஆரம்பிக்கும்?"

வெளி ஓரத்திலிருந்து என்று நான்தான் சொன்னேன்.

அந்தம்மா தலையசைத்தார். நோயாளியின் ரிப்போர்ட்டைக் கேட்டுக்கொள்பவர் மாதிரி. "சரி. மிச்சத்தைப் போடுங்க."

பாய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஊசியை நான் வைத்தேன், கறுப்பு மிஞ்சியிருந்த இடத்தில். முதலில் இரைச்சல். அதற்குள்ளிருந்து டிரம்பெட் வந்தது, பாதிப் பாட்டிலிருந்து. மெதுவான மெட்டு. உயரமான சுரத்தை எட்டுவதற்கு முன் ஒரு தயக்கம், பிறகு எட்டிப்பிடித்தார். நன்றாகவே வாசித்திருக்கிறார். கொஞ்ச நேரத்தில் முடிந்துவிட்டது. ஊசி நடுவில் நிற்க, தட்டு சும்மா சுற்றிக்கொண்டிருக்க, வெளியே தாம்பரம் போகும் மின்சார ரயிலின் சத்தம் கேட்டது.

பாய் நாற்காலியை விட்டு எழுந்து, சின்னப் பிள்ளை போல அந்தம்மாவின் முன்னால் நின்றார். "மன்னிச்சிரும்மா. எனக்குத் தெரியாதும்மா."

"நீங்க வேணும்னு செய்யலை பாய். அது எனக்குத் தெரியும். ஆனா இப்ப என்கிட்ட எதுவும் கேக்காதீங்க."

தட்டைத் தானே உறையில் போட்டுக்கொண்டார். ஆட்டோவில் கீழ்க்கட்டளை வரை மடியில் இரண்டு கையாலும் பிடித்தபடி வந்தார். வீட்டு வாசலில் எனக்கு நன்றி சொன்னார். அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

அடுத்து வந்த வாரங்களில் பாய் பலமுறை போன் செய்தார். அந்தம்மா ஏதாவது சொன்னாரா, பூச்சு போன தட்டைச் சரிசெய்கிற ஆள் வெளிநாட்டில் எங்காவது இருப்பானா என்று கேட்பார். நான் விசாரித்தேன். யாராலும் முடியாது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். பிறகு ஒரு நாள் போனபோது அவர் வீட்டு ப்ளேயர் மேல் போர்வை போர்த்தியிருந்தது. அதை நான் விலக்கச் சொல்லவில்லை. பாட்டில் எங்கே என்றும் கேட்கவில்லை.

ஒரு மாதம் கழித்து அந்தம்மாவிடமிருந்து கைப்பேசியில் அந்த ஒலிப்பதிவு வந்தது. முழுவதும் அப்படியே இருந்தது. டீக் கோப்பை வைக்கும் சத்தம், மாப்பிள்ளைப் பேச்சு, அவருடைய சிரிப்பு, அப்புறம் துணி உரசும் சத்தம். அது நீளமாகப் போகிறது. அதன் பிறகுதான் டிரம்பெட். பத்திரிகையில் துணை ஆசிரியர் வேலை எனக்கு; வெட்டிச் சுருக்குவதுதான் தொழில். முன்பகுதியை நீக்கிவிட்டு வாசிப்பை மட்டும் தனியாக எடுத்துத் தரட்டுமா என்று நல்லெண்ணத்தில்தான் கேட்டேன்.

"வேணாம் சார், வெட்டாதீங்க. அந்தத் துணி சத்தம் கேக்குதே, அங்கதான் அப்பா என் பேரைச் சொல்றார்."

வெட்டவில்லை என்று சொல்லிப் போனை வைத்தேன். அந்தப் பதிவு இன்னும் என்னிடம் இருக்கிறது. கேட்கும்போதெல்லாம், துணி உரசும் இடம் வந்ததும், அங்கே வேறெதுவும் இல்லை என்று நன்றாகத் தெரிந்தும், என் விரல் தானாக ஒலியைக் கூட்டிவிடுகிறது.