அது யாரைப் பார்க்கிறது

அரைக்க வந்த கம்பை இயந்திரத் தொட்டியில் கொட்டிவிட்டால் தங்கச்செல்வி அதற்குப் பிறகு குனிவதில்லை. மாவு இறங்குகிற துணிக்குழாயை இடது கையால் தடவிப் பிடித்து வாளிக்குள் விட்டுவிட்டு, எதிர்ச் சுவரிலிருந்து கண்ணை எடுக்காமல் நிற்பார். எதிர்ச் சுவரில் டிவி. டிவியில் சிங்கம்.

மோட்டார் ஓடும்போது அந்த மாவு மில்லுக்குள் இடி விழுந்தாலும் கேட்காது. சிங்கம் வாயைத் திறக்கும், மூடும். அதற்குப் பின்னால் புதருக்குள் குந்தியிருக்கும் தொகுப்பாளரும் வாயைத் திறப்பார், மூடுவார். தமிழில்தான் பேசுகிறார் என்றாலும் என்ன பேசினார் என்பது திருச்சுழிக்கும் வீரசோழனுக்கும் நடுவே உள்ள அந்த ஊரில் ஒருவருக்கும் தெரியாது. தங்கச்செல்விக்கு அது வேண்டியதுமில்லை. "சத்தம் வந்தா நம்பத் தோணும். சத்தமில்லாமப் பாரு, ஆளு யாருன்னு தெரிஞ்சு போகும்" என்பார்.

சத்தமில்லாமல் பார்த்துப் பார்த்தே எல்லாத் தொகுப்பாளர்களையும் எடை போட்டு வைத்திருக்கிறார். புதருக்குள் இருந்து குசுகுசுவென்று பேசுகிறவரைப் பற்றி: "இது சிங்கத்துக்குப் பயந்த வாயி இல்ல. பொண்டாட்டிக்குப் பயந்த வாயி." வண்டு, புழு என்று கிடைத்ததை எல்லாம் மென்று காட்டுகிறவரைப் பற்றி: "நம்மூர்ல ஒருநா கடைசி பஸ்ஸ விட்டான்னா பஸ் ஸ்டாப்பையே தின்னுருவான்." பாலைவனத்தில் தண்ணீரில்லாமல் சுருண்டு விழுகிறவரைப் பார்த்தால் மட்டும் அவருக்குக் கோபமே வரும். "படம் புடிக்கிறவன் முன்னாலதான நிக்கிறான், அவன் ஒரு வாய் ஊத்த மாட்டானா? இங்க நாம வருசம் பூரா அப்படித்தான் கெடக்கோம், எவன் வந்து புடிச்சான்." யானைகளோடு நடக்கிற நரைத்த தலை அம்மாள் ஒருத்தி மீது மட்டும் மரியாதை. "இவுக பேசுறப்ப அது காத ஆட்டுறத நிறுத்துது பாரு. நம்ம ஆளுக கல்யாண வீட்ல கூட இப்படிக் கேக்க மாட்டாக."

இதுவரை கேட்டுச் சிரித்துவிட்டு மாவு வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம். நிறையப் பேர் அப்படித்தான் போகிறார்கள். மிச்சமும் தெரிந்தவர்கள் டிவி பக்கம் முதுகைக் காட்டி உட்காருகிறார்கள்.

ஏனென்றால் தங்கச்செல்வி உண்மையில் பார்ப்பது தொகுப்பாளரை அல்ல. மிருகத்தின் கண்ணை. மிருகம் இரையைப் பார்க்கும், குட்டியைப் பார்க்கும், சில சமயம் கேமராவையே பார்க்கும். அதெல்லாம் ஒன்றுமில்லை. எப்போதோ ஒரு தரம், மெல்லுவதை நிறுத்திவிட்டு, பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருக்கிற ஆளையே பார்க்கும். கோபமில்லை, பசியில்லை. கடைக்காரர் வாடிக்கையாளரின் முகத்தை மனதில் வைத்துக்கொள்வது போன்ற ஒரு பார்வை. அப்போது தங்கச்செல்வி தனக்குத்தானே தலையாட்டிக்கொள்வார். "பாத்து வச்சுக்கிருச்சு."

முதலையின் வாலைப் பிடித்து இழுக்கிற ஒரு சிவந்த மீசைக்காரருக்கு அப்படி ஆயிற்று. அடுத்த மாதத்திலிருந்து அதே நிகழ்ச்சியில் வேறு ஆள் வந்தார், அதே சட்டையில். குரங்குகளோடு குடித்தனம் நடத்திய பெண்ணும் அப்படித்தான் போனாள். சேனல்காரர்கள் ஆளை மாற்றியிருப்பார்கள் என்று நீங்கள் சொல்லலாம். மில்லுக்கு வருகிற சோணைமுத்துவும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார், ராஜகுரு விஷயம் நடக்கும் வரைக்கும்.

ராஜகுரு உள்ளூர் கேபிள் சேனலுக்குச் செய்தி எடுக்கிற இளைஞர். கடலைக்காட்டில் மயில்கள் செய்யும் அழிமானத்தைப் படம் பிடித்துப் பேசினார். மில் டிவியில் அது ஓடியபோது, கொத்திக்கொண்டிருந்த கூட்டத்தில் ஒரு மயில் மட்டும் கழுத்தை நிமிர்த்தி அவரையே பார்த்தது. தங்கச்செல்வி பாதி அரவையில் மோட்டாரை நிறுத்தினார். அப்படி அவர் நிறுத்தி யாரும் பார்த்ததில்லை. "அந்தத் தம்பிய கொஞ்ச நாளைக்கு வீட்ல இருக்கச் சொல்லுங்க" என்றார். சிரித்தார்கள். சில நாளில் ராஜகுருவின் பைக் குண்டாற்று மணலில் ஸ்டாண்டு போட்டு நின்றது. சாவி வண்டியில், ஹெல்மெட் பக்கக் கண்ணாடியில். வண்டியைச் சுற்றி மயில் காலடி வட்டம் வட்டமாக, கோலம் போட்ட மாதிரி இருந்தது என்று கண்டவர்கள் சொன்னார்கள். ஆள் திருப்பூரில் வேலை பார்க்கிறார் என்கிறார்கள் வீட்டார். போனில் பேசுகிறாராம். நேரில் பார்த்தவர் யாரும் இன்னும் இந்த மில்லுக்கு மாவு அரைக்க வரவில்லை.

அதன் பிறகு சோணைமுத்து ஒருநாள் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அக்கா, எங்க வீட்டுக் கெடா என்னையவே பாக்குது. ஒரு எட்டு வந்து பாக்குறியா?"

"வீரசோழன் சந்தைக்கு எப்ப ஓட்டப் போறேன்னு பாக்குது. போ."

இப்படி ஊருக்கெல்லாம் பார்த்துச் சொல்கிற தங்கச்செல்வி ஒருவரை மட்டும் பார்ப்பதில்லை. அவருடைய மகன் அருண்பாண்டியனை. மதுரையில் இருந்த கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்து, வீடுகளில் புகுந்த பாம்புகளைப் பிடித்துக் காட்டில் விடுகிறான். அதை போனில் படம் பிடித்து, கேமராவைப் பார்த்து விளக்கமும் சொல்லிச் சேனல் நடத்துகிறான். அருப்புக்கோட்டை டவுனில் அவனை நிறுத்தி செல்ஃபி எடுக்கிறார்கள். பெற்றவள் ஒரு படம்கூடப் பார்த்ததில்லை.

அந்தப் பக்கத்து வீடுகளில் பாம்பைப் பேர் சொல்ல மாட்டார்கள். பூச்சி என்பார்கள். பேரைச் சொன்னால் கூப்பிட்டதாக எடுத்துக்கொண்டு வந்துவிடும். தாயும் மகனும் சண்டை போட்டதும் அதற்காகத்தான், அல்லது அதைச் சாக்காக வைத்துத்தான்.

"புடிக்கிறத புடி. பேரச் சொல்லாமப் புடிச்சுத் தொலைய வேண்டியதுதான."

"பூச்சி புடிக்கிறேன்னு போட்டா கரப்பானுக்கு மருந்து விக்கிறான்னு நினைப்பாங்கம்மா. ஒரே ஒரு வீடியோ பாரு. ஊரே பாக்குது."

"ஊரு பாத்தா ஒண்ணுமில்லடா" என்றார் தங்கச்செல்வி. அவர் பார்க்காத வரைக்கும் அவனை எதுவும் பார்த்து வைக்கவில்லை என்பது அவர் கணக்கு. மில்லுக்கு வருகிற எல்லோருக்கும் இது தெரியும். அவர் முன்னால் அந்தச் சேனலை யாரும் திறப்பதில்லை.

பாண்டீஸ்வரிக்குத் தெரியாது. அந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. போன ஆடியில், காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், வத்தலும் மல்லியும் கொண்டு வந்திருந்தாள். மோட்டார் பெல்ட் நழுவிவிட்டதால் தங்கச்செல்வி இயந்திரத்துக்குப் பின்னால் குந்தி அதை மாட்டிக்கொண்டிருந்தார். முறைக்கு அத்தையான தங்கச்செல்வியைச் சந்தோஷப்படுத்தலாம் என்று நினைத்து அந்தப் பெண் தன் போனை மில் டிவியோடு இணைத்துவிட்டாள்.

"அத்தே, எந்திரிச்சு வாங்க. உங்க மகன் லைவ்ல வாராரு."

மோட்டார் நின்றிருந்ததால் சத்தம் முழுசாகக் கேட்டது. காரியாபட்டிப் பக்கம் ஏதோ ஒரு மாட்டுக் கொட்டகை. அருண்பாண்டியன் தெளிவாக, பெருமையாக, அதன் பேரைச் சொன்னான். மாவுக்காகக் காத்து வாசலில் உட்கார்ந்திருந்த வெள்ளைத்தாய் காதைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள். தங்கச்செல்வி எழுந்தார். கண்ணை மூடிக்கொள்ள நேரமிருக்கவில்லை.

அது தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் படமெடுத்து நின்றது. அவன் ஆட்டிய கம்பியை அது பார்க்கவில்லை. போனின் வெளிச்சத்தைப் பார்க்கவில்லை. சீறவும் இல்லை. அவன் முகத்தைப் பார்த்தது. அவன் கேமரா பக்கம் திரும்பி, "பயப்படாதீங்க, இவுக ரொம்ப சாது" என்று விளக்கிக்கொண்டிருந்தான். அது கண்ணை எடுக்கவில்லை.

தங்கச்செல்வி போனை எடுத்தார். மகனின் பேரைத் தொடப் போன விரல் அப்படியே நின்றது. அவன் போனில்தான் படம் ஓடுகிறது. இவர் கூப்பிட்டால் படம் அறுந்து அவன் கண் போனுக்குத் திரும்பும். அந்த ஒரு நொடி அதற்குப் போதும். போனை மாவுத்திட்டில் கவிழ்த்து வைத்தார்.

"என்னத்தே, நல்லாப் புடிக்கிறாருல்ல?" என்றாள் பாண்டீஸ்வரி.

தங்கச்செல்வி டிவியை நோக்கி நடந்தார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, நெற்றி, இமை, கன்னம் என்று ஒட்டியிருந்த மாவை எல்லாம் அழுத்தித் துடைத்தார். மூக்கு டிவி திரையில் இடிக்கிற தூரத்துக்குப் போய், அதற்கும் மகனுக்கும் நடுவில் வருகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்.

"இங்க பாரு" என்றார், கம்பு அரைக்க வந்தவரிடம் பேசுகிற அதே குரலில். "அவன் சின்னப் பய. இந்த மொகத்தப் பாத்துக்க."

கொட்டகையில் அது மெல்லத் தலையைத் திருப்பியது. கம்பிக்கல்ல. வெளிச்சத்துக்கல்ல. நேராக, டிவிக்கு இந்தப் பக்கம்.

தங்கச்செல்வி இமைக்கவில்லை. திரும்பியும் பார்க்காமல், ஒரு கையை மட்டும் பின்னால் நீட்டி, பாண்டீஸ்வரியைத் தள்ளி நிற்கும்படி சைகை காட்டினார்.