கொள்ளுக்கு ரெண்டு ஆள் எடை

நாற்பத்திரண்டு வயதில் நான் மோட்டார் சைக்கிள் வாங்கினேன். நான் வேலை பார்க்கும் ஜவுளிக்கடையில், "இப்பவா?" என்று மட்டும் கேட்டார்கள். என் மனைவி அதுகூடக் கேட்கவில்லை. கோயில் வாசலில் வண்டிக்குச் சந்தனம் வைத்தாள், மாலை போட்டாள், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள். பழத்தை நசுக்கிக்கொண்டு பத்தடி போய் நின்று, ஏறுவாள் என்று திரும்பிப் பார்த்தேன். அவள் ஷேர் ஆட்டோவுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து மூன்று மாதம் அப்படித்தான் ஓடியது. அவள் முன்னால் ஆட்டோவில், நான் பின்னால் வண்டியில். நாகல் நகரில் மளிகை வாங்கப் போனாலும் சரி, கல்யாணத்துக்குப் போனாலும் சரி. ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைத் தேடிவிட்டு, "அக்கா, அண்ணன் வாராரா, செத்த நேரம் நிப்பாட்டவா?" என்று கேட்பாராம். இந்த ஊரில் ஒரே வண்டியில் புருஷன், பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள், மடியில் ஒரு கேஸ் சிலிண்டர் என்று சாதாரணமாகப் போகிறார்கள். என் வண்டியின் பின் சீட்டு மட்டும் பிளாஸ்டிக் உறைகூடக் கழற்றாமல் காலியாகக் கிடந்தது. அவள் ஒரே ஒரு தடவை அதில் உட்கார வேண்டும், எனக்கு வேண்டியது அவ்வளவுதான். வாய்விட்டுக் கேட்க ரோஷம் விடவில்லை.

நியாயமாகச் சொன்னால், நான் ஓட்டிய லட்சணமும் அப்படித்தான் இருந்தது. லைசென்சுக்கு எட்டுப் போட்டுக் காட்டச் சொன்னார்கள், போட்டேன். ஆனால் திண்டுக்கல்லில் எந்தத் தெருவும் எட்டு மாதிரி இல்லை. போதாக்குறைக்கு நான் சின்னாளப்பட்டியில் தறிக்கார வீட்டில் வளர்ந்தவன். பதினைந்து வருஷம் தறிக்குழிக்குள் காலை விட்டு, இடது மிதி, வலது மிதி என்று மாற்றி மாற்றி மிதித்த பழக்கம். பதற்றம் வந்தால் கால் இரண்டும் தானாகத் தறிக்குப் போய்விடும். வண்டியிலோ இடது காலில் கியர், வலது காலில் பிரேக். பின்னால் பஸ் வந்து ஹாரன் அடித்தால் போதும், கியர், பிரேக், கியர், பிரேக் என்று நெய்ய ஆரம்பித்துவிடுவேன். வண்டி இரண்டு குதி குதித்து நடுரோட்டில் படுத்துக்கொள்ளும்.

சைடு ஸ்டாண்டு இன்னொரு தொல்லை. ஸ்டாண்டை எடுக்க மறந்துவிட்டுப் போனால் எங்கள் ஊர் சும்மா விடாது. டீக்கடையில் நிற்பவர், எதிரே சைக்கிளில் வருபவர், பஸ் ஜன்னலில் இருக்கும் பாட்டி எல்லோரும், "ஸ்டாண்டு, ஸ்டாண்டு" என்று கத்துவார்கள். நன்றி சொல்வதற்காகக் கையைத் தூக்குவேன். ஸ்டாண்டால் விழுந்ததைவிட அந்த மரியாதையால் விழுந்ததுதான் அதிகம்.

தை மாதம் என் மனைவியின் தங்கை பிள்ளைக்குக் காதுகுத்து வந்தது. வேடசந்தூர் தாண்டி, மெயின் ரோட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே போகிற கிராமம். எங்கள் மகளுக்குப் பரீட்சை, அதனால் அவளை என் அக்கா வீட்டில் விட்டோம். "நான் பஸ்ல வாரேன். நீங்க முன்னாடியே கெளம்பிப் பையப் பைய வாங்க" என்றாள் மனைவி. விடிந்தும் விடியாமல் கிளம்பிவிட்டேன்.

மெயின் ரோட்டை விழாமல் கடந்துவிட்டேன். கிராமத்து ரோட்டில் திரும்பிக் கொஞ்ச தூரம் போனதும் ரோடு முழுக்கக் கொள்ளுச் செடி பரப்பியிருந்தது. பிடுங்கிக் காயவைத்த செடியைத் தார் ரோட்டில் போட்டுவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். போகிற வருகிற வண்டிகள் ஏறினால் காய் வெடித்துக் கொள்ளு உதிர்ந்துவிடும். பழகியவர்கள் கியரைக் குறைத்து நேராக ஏறிப் போவார்கள். நான் யோசித்தேன். பிறத்தியார் வெள்ளாமையில் வண்டி ஏற்றுவதாவது என்று ஓரமாக ஒடித்தேன். உதிர்ந்து கிடந்த கொள்ளில் சக்கரம் வழுக்கி, வண்டியும் நானும் செடிக்குள் சாய்ந்தோம்.

வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த புருஷனும் பெண்டாட்டியும் ஓடிவந்தார்கள். அந்த அம்மா முதலில் என்னைத்தான் தூக்கினார். சிதறிய கொள்ளைக் கூட்டியது அதற்குப் பிறகுதான்.

"ஏறிப் போறதுக்குத்தான தம்பி போட்டிருக்கு. எதுக்கு ஒதுங்குறீக?" என்றார்.

அவர் புருஷன் என்னையும் வண்டியையும் ஏற இறங்கப் பார்த்தார். "காலையில இருந்து ரெண்டு வண்டிதான் வந்துச்சு. டிராக்டர்க்காரன் வாரேன்னான், ஆளக் காணோம். அடி ஏதும் படலைனா, நீங்க ஒரு நாலு நடை போய்ட்டு வாங்க."

விழுந்த வெட்கத்தில் மறுக்க முடியவில்லை. முதல் கியரில், இரண்டு காலையும் தரைக்கு மேல் விரித்துக்கொண்டு போனேன், திரும்பினேன், வந்தேன். ஹாரன் அடிக்க அங்கே ஆள் இல்லை. நாலு நடை பத்தாயிற்று. பத்தாவது நடையில் காலை ஊன்றாமல் திரும்பினேன். "அப்படித்தான்" என்றார் அவர். வண்டி வாங்கியதிலிருந்து என்னை ஒருவர் மெச்சியது அதுதான் முதல் தடவை.

அந்த நேரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, பட்டுச்சேலையும் சீர்ப்பையுமாக என் மனைவி நடந்து வந்தாள். ஒரு மணி நேரம் முன்னால் கிளம்பிய புருஷன் முன்பின் தெரியாதவர்களுடைய கொள்ளின் மேல் போய்ப் போய் வந்துகொண்டிருந்ததை இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள்.

"என்ன வேலை இது?"

"காய் உதிரலையாம்" என்றேன்.

அந்த அம்மாதான் சொன்னார், "தனி ஆளுக்கு எடை பத்தல தாயி. நீயும் ஏறிக்கிட்டா நல்லா உதிரும்."

மூன்று மாதமாக எனக்காக ஏறாதவள் கொள்ளுக்காக ஏறினாள். அவளும் மானாவாரிக் காட்டில் வளர்ந்தவள், வெள்ளாமைக்காரி கேட்டால் இல்லை என்று சொல்ல வராது. என் தோளை ஒரு கையால் இறுக்கிப் பிடித்தாள். இரண்டு நடை போய் வந்தோம். மூன்றாவது நடையில் காதோரம் கேட்டாள்.

"நீங்க ஓட்டுறதக் கேலி பண்ணித்தான் ஏறலைன்னு நெனச்சீங்களா?"

"பின்ன?"

"ரெண்டு பேரும் ஒண்ணாப் போயி ஒண்ணா விழுந்தா, புள்ளைக்கு யாரு இருக்கா? ஒரு ஆளாச்சும் ஆட்டோவுல வரட்டும்னுதான்."

அந்த ஆட்டோவை எத்தனை நாள் முறைத்துக்கொண்டே போயிருப்பேன். அவள் என்னை அவமானப்படுத்துகிறாள் என்று வெந்துகொண்டே போயிருக்கிறேன். என்ன மனுஷன் நான் என்று நினைத்ததில் கிளட்சை மறந்துவிட்டேன், வண்டி அணைந்து நின்றது.

"போதும் தாயி, நல்லா உதிந்திருக்கு" என்றார் அந்த அம்மா. இனி இறங்கி நடப்பாள் என்று காத்திருந்தேன். அவள் சீர்ப்பையை மடியில் வைத்துக்கொண்டு, "நேரமாச்சு, எடுங்க" என்றாள்.

எடுத்தேன். ஸ்பீடு முள் பதினைந்தில் இருந்தது.

"இன்னுங் கொஞ்சம் மெதுவா."

"இதுக்கு மேல மெதுவான்னா நின்னுரும்."

"அப்ப இப்படியே போங்க."

நாங்கள் போய்ச் சேர்வதற்குள் காது குத்தி முடித்து, பிள்ளை அழுதும் ஓய்ந்திருந்தது. தங்கை கோபமாக வாசலுக்கு வந்தாள். என் மனைவி அவளைப் பொறு என்று கையமர்த்திவிட்டு, இறங்கிய இடத்திலேயே நின்று என் அக்காவுக்குப் போன் போட்டாள். "மதினி, புள்ளகிட்ட சொல்லிருங்க. ரெண்டு பேரும் வந்து சேந்துட்டோம்" என்றாள்.