தாத்தா படத்துக்கு மேலே ஒரு வரி

அகல்யா என்ற பெயரை நான் முதலில் கேட்டது மராட்டி ஊரான ஆகுர்டியில், என் ஓர்ப்படியின் தங்கை சரசா வீட்டுக் கூடத்தில். மகன் நிர்மலுக்குப் பார்த்திருக்கும் பெண், கோயம்புத்தூர், இங்கிலீஷ் எம்.ஏ. என்று சரசா சொன்னாள். இங்கிலீஷ் படித்துவிட்டு என்ன செய்யப் போகிறாள் என்று நான்தான் கேட்டேன். அது தொண்ணூற்றெட்டு.

சில வருஷத்தில் பதில் வந்தது. நிர்மல் வேலை பார்த்த கார் சாமான் பட்டறையை மூடிவிட்டார்கள். அவர்கள் பெண் அம்மு அப்போது கைக்குழந்தை. சரசாவின் வீட்டுக்காரருக்கு ஒன்றுவிட்ட அண்ணா கிருஷ்ணஸ்வாமி பக்கத்து ஊரான தளேகாவில் கண் ஆஸ்பத்திரி நடத்திவந்தார். ஆஸ்பத்திரிக்கு வெப்சைட் எழுத அகல்யாவை வைத்துக்கொண்டார். தீபாவளி வரை பார்ப்பேன், ஜனங்கள் அதைப் பார்த்து வந்தால் வேலை நிரந்தரம், வராவிட்டால் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார். இல்லை என்றால் மூன்று பேரும் கோயம்புத்தூரில் அவள் அண்ணன் வீட்டில் போய் நிற்க வேண்டும். அந்த மன்னியின் வாய் எங்களுக்கெல்லாம் தெரியும்.

அகல்யா முதலில் எழுதியது கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்தது. மேலே பிள்ளையார். அடுத்து ஆஸ்பத்திரியைத் தொடங்கிய, கிருஷ்ணஸ்வாமியின் தாத்தா படம், அவர் பிறந்த ஊர், வாங்கிய பட்டங்கள். அப்புறம் கிருஷ்ணஸ்வாமியின் வரவேற்பு. பெரியவர்களை முன்னால் போடாமல் நம் வீடுகளில் எதுவும் ஆரம்பிப்பதில்லை, அவளுக்கும் அது தப்பாகப் படவில்லை. கிருஷ்ணஸ்வாமிக்குப் பரம திருப்தி. ஆனால் போன் ஒன்றுகூட வரவில்லை.

தீபாவளி நெருங்கியது. அகல்யா கம்ப்யூட்டர் கம்பெனிகள் இருக்கும் வாகட்டில் ஒரு நெட் சென்டருக்குப் போய், காத்திருந்தவர்களிடம் கெஞ்சி அந்தப் பக்கத்தைப் படிக்கச் சொல்லி, பின்னால் நின்று பார்த்தாள். தாத்தா படம் வந்ததும் எல்லோர் கையும் பக்கத்தை மூடத்தான் போயிற்று. ஒருவர் திரும்பி, இந்தப் பெரியவர் எப்போது தவறினார் என்று துக்கம் விசாரித்தாராம்.

தாத்தாவைக் கீழே இறக்கலாமா என்று கேட்டால் கிருஷ்ணஸ்வாமி சம்மதிக்க மாட்டார். கேட்காமல் செய்தால் வேலை போகும். அவள் கேட்கவில்லை. ஆஸ்பத்திரி டாக்டர் கிரிஜாவிடம் விசாரித்துக்கொண்டு, உச்சியில் இப்படி எழுதினாள்: கண்ணில் திடீரென்று மின்னல் வெட்டுகிறதா, கறுப்புப் புள்ளிகள் மிதக்கின்றனவா, நாளைக்கு என்று இருக்காதீர்கள், இன்றே காட்டுங்கள். பக்கத்திலேயே போன் நம்பர். தாத்தா அடிக்குப் போனார்.

கிருஷ்ணஸ்வாமி மறுநாளே சரசா வீட்டுக்கு வந்தார். நான் அங்கே வெந்தயக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். சரசா நீட்டிய காபியை அவர் தொடவில்லை. எங்கள் மனுஷர்கள் காபியைத் தொடவில்லை என்றால் விஷயம் முற்றிவிட்டது என்று அர்த்தம்.

"தாத்தாவைத் தூக்கிக் கீழே போட உனக்கு யார் சொன்னா?"

"யாரும் சொல்லலை பெரியப்பா. அவரைத் தாண்டி யாரும் கீழே வரலை. நின்னு பார்த்தேன்."

பேசாதே என்று நிர்மல் கண்ணாலேயே சொன்னான்.

"திங்கட்கிழமை வரைக்கும் இருக்கட்டும். ஒருத்தரும் வரலேன்னா தாத்தா மேலே போவார், நீ உன் பொறந்தாத்துக்குப் போ."

சனி, ஞாயிறு ஓடின. ஆஸ்பத்திரிக்குப் போன் இல்லை. சரசா பரணிலிருந்து பெட்டியை இறக்கித் துடைத்து வைத்தாள். அகல்யா அதைப் பார்த்துவிட்டு அம்முவுக்குச் சாதம் ஊட்டப் போனாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் போன் அடித்தது. அகல்யா எடுக்கவில்லை, நிர்மல் எடுத்து அவளிடம் கொடுத்தான். பேசியது கிருஷ்ணஸ்வாமி. வாகட்டிலிருந்து ஒரு கம்ப்யூட்டர்காரர் தன் தாயாரை அழைத்து வந்தாராம். அந்த அம்மாள் கண்ணில் மின்னுகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்ததை அசதி என்று விட்டிருக்கிறார். ஆபீசில் அந்த வரியைப் பார்த்ததும் கிளம்பிவிட்டார். விழித்திரை கிழிய ஆரம்பித்திருந்தது. கிரிஜா அன்றைக்கே சிகிச்சை செய்துவிட்டாள். மீதிப் பக்கத்தைப் படித்தீர்களா என்று கிருஷ்ணஸ்வாமி கேட்டதற்கு, நம்பர் வரைக்கும்தான் படித்தேன் என்றாராம் அந்த மனிதர்.

கடைசியில் கிருஷ்ணஸ்வாமி சொன்னது இதுதான்: "தாத்தா கீழேயே இருக்கட்டும். படத்தை மட்டும் கொஞ்சம் பெரிசாப் போடு."

சரசா பெட்டியைத் திரும்பப் பரணில் ஏற்றினாள்.

அகல்யா இப்போது வாகட்டில் சொந்த ஃபிளாட்டில் இருக்கிறாள். தளேகாவ் ஆஸ்பத்திரிக்கு இன்னும் அவள்தான் எழுதுகிறாள்.