கதவு திறந்த பஸ்ஸும் பறக்காத டிராகனும்

எண்ணூரில் நான் ஏறிய பஸ் திருவொற்றியூர் வருவதற்குள் நின்றுவிட்டது. சுற்றிலும் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள்.

"நடந்து போறவங்க எறங்கிக்கோங்க, இப்போதைக்கு நவுறாது" என்று கண்டக்டர் கதவைத் திறந்துவிட்டார். பாதிப் பேர் இறங்கினார்கள். நான் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் வீட்டுக்காரர் இறந்ததிலிருந்து, வீட்டைக் காலி பண்ணிவிட்டுப் பெரம்பூருக்கே வந்துவிடு என்கிறாள் அக்கா.

முன் சீட்டில் இரண்டு காலேஜ் பெண்கள் ஏதோ கார்ட்டூன் தொடரைப் பற்றிச் சண்டை போட்டார்கள்.

"சங்கிலியத்தான் அறுத்துட்டாங்களே, அந்த டிராகன் இன்னாத்துக்கு குகையிலயே குந்தினு கீது?"

"அத ஓட்டினவன் செத்துட்டான்டி. டெய்லி அங்கதான் அதுக்கு மீன் எடுத்தாருவான்."

"அதுக்கு? றெக்க கீதுல்ல, பறக்க வேண்டியதுதானே. லூசு டிராகன்!"

எனக்குப் பொறுக்கவில்லை. "றெக்க இருந்தா ஒடனே பறந்துடணுமா கண்ணு? கொஞ்ச நாள் குந்தட்டுமே" என்றேன்.

இருவரும் திரும்பினார்கள். "ஆன்ட்டி, நீங்களும் பாக்குறீங்களா?"

இல்லை என்றேன். என் வீட்டுக்காரரும் லாரி ஓட்டியவர்தான். இப்படி வரிசையில் மாட்டிக்கொண்டால் போன் பண்ணுவார், நான் சோறு கட்டிக்கொண்டு ஓடுவேன். இன்றும் ஜன்னல் வழியாக ஒவ்வொரு லாரியிலும் டிரைவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை அதுகளிடம் எப்படிச் சொல்வது?

அந்தப் பெண்களும் இறங்கி நடந்துவிட்டார்கள். கதவு திறந்துதான் இருக்கிறது. முன்னால் நடந்தால் அக்கா வீட்டுக்கு வேறு பஸ் கிடைக்கும். திரும்பி நடந்தால் என் வீடு. நான் சீட்டிலேயே உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

தொடரைப் பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள். அந்த லூசு டிராகன் கடைசியில் பறந்ததா?