அம்மா ஊற்றிய பால்கொழுக்கட்டை

கொதிக்கிற தேங்காய்ப்பாலில் அரிசிமா உருண்டைகள் விழும்போது முதலில் சத்தமே வராது. வெந்து மேலெழும்பிய பிறகுதான் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு "களக் களக்" என்று குமுறும். அறுபதுகளில் ஒரு மாரிகாலம், நாவற்குடாவில் வாவியோடு ஒட்டிய எங்கள் வளவில், பிள்ளை பெற்றிருந்த அக்காவுக்காக அம்மா நாள்தோறும் பால்கொழுக்கட்டை அவித்தாள். மாவோடு வறுத்த உழுந்தும், பாலில் பனங்கட்டியும் சேரும். "உழுந்து இடுப்புக்கு, தேங்காப்பால் புள்ளைக்கு" என்பாள்.

எங்கள் ஊர்ப்பக்கத்தில் வீடு மகளுக்குத்தான். மணம் முடிக்கிறவன் அங்கே வந்து குடியிருப்பான். அத்தானும் அப்படி வந்தவர்தான். கடலுக்குப் போகாத நாட்களில் குடிப்பார், குடித்தால் அக்காவை அடிப்பார். அம்மா ஒவ்வொரு முறையும் "பொறு மகே, ஆம்பிளைக் கோவம் ஆறிப்போகும்" என்று சொல்லி, வீங்கிய இடத்துக்கு ஒத்தடம் கொடுப்பாள்.

ஒரு மத்தியானம் அத்தான் வந்து சோறு கேட்டார். அடுப்பில் கொதித்தது அக்காவின் பத்தியமான பால்கொழுக்கட்டைச் சட்டி. சோறு இனித்தான் ஆக்கவேணும் என்றாள் அக்கா. பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவளைத் தலைமயிரில் பிடித்து இழுத்துச் சுவரில் மோதினார். பிள்ளையை நெஞ்சோடு அணைத்து அவள் குனிய, முதுகில் உதைத்தார். பத்து வயதுக்காரியான நான் ஓடிப்போய் அவர் கையைக் கடித்தேன்; அவர் உதறிய வேகத்தில் வாசற்படியில் விழுந்து என் முன்பல் உடைந்தது.

அக்காவை விட்டு அவர் என் பக்கம் வந்த கணத்தில், அம்மா சட்டியைத் துணியால் பிடித்துத் தூக்கிவந்து அவர் தோளில் கவிழ்த்தாள். வெந்நீரென்றால் வழிந்திருக்கும். மாவும் பனங்கட்டியும் கரைந்த பால் ஒட்டிக்கொண்டது; அவர் அதை வழித்தெறிய, தோலும் சேர்ந்து வந்தது.

"இது என்ர மகள்ர வீடு. வந்தவன் நீ. போ."

அலறிக்கொண்டு வாவிக்குள் இறங்கியவரை அயலவர் தூக்கி ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஊர்ப்பெரியவர்கள் விசாரிக்க வந்தபோதும் அம்மா அதையேதான் சொன்னாள். அதன்பின் அவர் கல்லடியில் தமக்கை வீட்டிலேயே இருந்துவிட்டார்.

அக்கா பல நாள் அம்மாவோடு பேசவில்லை. அவருக்கு எரியுமே என்று அழுதாள். அம்மா மறுநாளே மா இடித்து, வேறு சட்டியில் அவித்து, அவள் முன்னால் வைத்தாள்.

"என்னோட கோவமெண்டா இரி. புள்ளைக்குப் பால் வேணும், தின்னு."

அக்கா அழுதுகொண்டே தின்றாள்.

அம்மாவும் அக்காவும் இன்றில்லை. கொழும்பில் மாடிக் குடியிருப்பொன்றில் இருக்கும் அக்காவின் மகள், விருந்தாளிகள் வந்தால் பெட்டிப் பால்மாவில் பால்கொழுக்கட்டை செய்கிறாள், உழுந்து சேர்ப்பதில்லை. பிள்ளைபெற்றவளுக்கென்று அதை இப்போது யாரும் அவிப்பதுமில்லை. எங்கள் பெண்கள் மணமானதும் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். நானும் அவ்வீடுகளுக்குப் போய்வருகிறேன். அங்கே யாரையும் வெளியே போகச் சொல்லும் உரிமை எனக்கில்லை.