செப்டம்பருக்குப் பிறகு டிசம்பர்

கழுகுமலை பஸ்ஸில் பக்கத்து சீட்டுக் கல்லூரிப் பெண்ணின் கைபேசி ‘தூத் லா ஜூர்னே’ என்றது. பிரெஞ்சில் நாள் முழுக்க என்று அர்த்தம். அவள் திருப்பிச் சொன்னாள், ‘த்’தை விழுங்காமல். எனக்கு மூக்கில் தீக்குச்சி மருந்து வாசனை ஏறியது.

பத்திரிகை வேலைக்கு வருமுன் கோவில்பட்டியில் ஒரு சின்னத் தீப்பெட்டி ஆபீசில் தட்டச்சு வேலை பார்த்தேன். தீப்பெட்டித் தொழிற்சாலையை அங்கே ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். கல்லூரியில் தமிழுக்குப் பதில் பிரெஞ்சு எடுத்தவன். மொழி மேல் காதலெல்லாம் இல்லை, மார்க் கூடும் என்றார்கள். பிரெஞ்சு பேசுகிற மனிதர் ஒருவரையும் கண்டதில்லை. முதலாளி அண்ணாச்சி அதைக் கேட்கவும் இல்லை. மேற்கு ஆப்பிரிக்க வியாபாரி ஒருவர் போனில் பேசப்போகிறார் என்றதும் என்னைப் பிடித்துக்கொண்டார். அவருடைய ஆர்டர் தவறினால் ஆபீசை மூடவேண்டியதுதான்.

“வருஷம் பூரா சரக்கு குடுப்போம்னு சொல்லுடே.”

மூன்று நாள் உருப்போட்டேன். மாதம் முழுக்க ‘தூ ல முவா’. மாதம் ஆண்பால், ‘த்’ ஒலிக்காது. வருடம் முழுக்க ‘தூத் லனே’. வருடம் பெண்பால், ஒலிக்கும். பெட்டி ஒட்டுகிற பெண்கள் எனக்குத் ‘தூத்து’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

போன் வந்தது. ‘தூத் லனே’ என்றேன், சுத்தமாக. ரிசீவரைப் பொத்திக்கொண்டு அண்ணாச்சிக்கு அர்த்தத்தையும் சொன்னேன், கொஞ்சம் பெருமையோடு. வேலையாட்களைக் கவனிக்கும் பொன்னுத்தாய் அக்கா வாசலில் நின்றாள்.

“ஐப்பசி கார்த்திகையில குச்சிய எங்கன காயப்போடுதது? அண்ணாச்சி வழுக்கையிலயா?”

குச்சி காய வெயிலை விட்டால் எங்களுக்கு வேறு வழி கிடையாது. அண்ணாச்சி தலையைத் தடவிக்கொண்டார். ஆர்டர் கையைவிட்டுப் போகலாம் என்பது அவருக்கும் தெரியும்.

“அவ சொல்லுததும் சரிதான். ரெண்டு மாசம் நீங்கலாகன்னு சொல்லிருடே.”

‘நீங்கலாக’வுக்கு என்னிடம் பிரெஞ்சு இல்லை. ஜனவரியிலிருந்து ஒவ்வொரு மாதமாகச் சொல்லிவந்து, செப்டம்பரிலிருந்து டிசம்பருக்குத் தாவினேன். அந்தப் பக்கம் அவர் மாதங்களைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். பிறகு, “ப்ளூயி?” என்றார். மழையா?

“வீ,” என்றேன். ஆமாம்.

அவர் சிரித்தார். அவர் ஊரிலும் மழை பெய்யும்போல. பத்து மாதத்துக்கு ஆர்டர் வந்தது.

எங்கள் ஆபீஸ் இருந்த இடத்தில் இப்போது பைக் ஷோரூம். பெரிய ஆலைகளில் ஐப்பசி அடைமழையிலும் சூடான காற்றில் குச்சி காய்கிறது. ‘தூத் லனே’ என்று யாரும் தைரியமாகச் சொல்லலாம். வாசலில் நின்று மறிக்க அக்கா இல்லை.