பஸ்ஸுக்கு ஒரு மாத்திரை

எந்தப் பஸ்ஸில் ஏறினாலும் சண்முகவடிவு அக்கா படிக்குப் பக்கத்து சீட்டில்தான் உட்காருவாள். உள்ளே எத்தனை இடம் காலியாகக் கிடந்தாலும் சரி. நான் அந்த வீட்டுக்கு இளைய மருமகளாக வந்து பதினான்கு வருடம் ஆகிறது. ஒரு தடவைகூட அவள் ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்து பார்த்ததில்லை.

அவள் என் கணவரின் அண்ணன் மனைவி. பரளச்சியிலிருந்து அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு நூல் மில்லுக்கு இருவரும் வேனில் போய்வந்தோம். வேனிலும் படிப்பக்கம்தான்.

"யக்கா, கண்டக்டர் வேலையும் சேத்துப் பாக்கியாக்கும்?" என்று கூட வருகிற பிள்ளைகள் கேலி பேசுவார்கள்.

"ஆமா, மொதல்ல டிக்கெட்ட எடுங்கடி" என்பாள். கால்களை இறுக்கிக்கொண்டே சிரிப்பாள்.

நீர்க்கடுப்பு. இரண்டாவது பிள்ளை பிறந்ததிலிருந்து இருந்தது. அரை மணிக்கு ஒருதரம் போக வேண்டும். போனால் நாலு சொட்டு, அதுவும் நெருப்பாக எரியும். மில்லில் அடிக்கடி எழுந்து போனால் சூப்பர்வைசர் பார்க்கிற பார்வையே போதும். முன்பு வழியில் வேனை நிறுத்தினால் சீமைக்கருவேல மறைவாவது உண்டு. கரி சுடும் மூட்டத்துக்கு மரங்களை வெட்டிய பிறகு அதுவும் இல்லை. அக்கா தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டாள்.

"சூட்டு ஒடம்பு" என்று சொல்லி மாமியார் சந்தனம்மாள் அவள் கால் பெருவிரலில் சுண்ணாம்பு தடவிவிடுவார். அதற்கும் கேட்காவிட்டால் அக்கா மெடிக்கலில் சொல்லி இரண்டு மாத்திரை கத்தரித்து வாங்குவாள். போட்டதும் எரிச்சல் அடங்கும். அதோடு விட்டுவிடுவாள். பத்து நாளில் திரும்ப வரும். வெளியூர் போகிற நாளுக்கென்று தனியாக இரண்டு மாத்திரை எடுத்து வைத்திருப்பாள். எங்களுக்குள் அதற்கு 'பஸ்ஸு மாத்திரை' என்று பெயர்.

அவள் கணவர் விஜயபாண்டி அத்தான் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். கெட்டவர் இல்லை. மதுரைக்குப் பெரிய டாக்டரிடம் இரண்டு தடவை கூட்டிப் போனார். இரண்டு தடவையும் நீரில் கிருமி இல்லை என்றே ரிப்போர்ட் வந்தது. மூன்றாவது தடவை துணைக்கு நானும் போனேன்.

பஸ் ஏறும்போது அக்கா மாத்திரையை வாயில் போட்டு ஒரு மிடறு தண்ணீரோடு விழுங்கினாள். முந்தின நாள் சாயங்காலமும் ஒன்று போட்டிருந்தாள். ஒன்றரை மணி நேரப் பயணம், வேறு வழியில்லை.

"இந்தத் தடவையாச்சும் என்னமாச்சும் இருக்குன்னு வந்துரணும், தங்கமாரி" என்றாள். "இல்லைன்னா நான் நடிக்கேன்னுதான் ஆகிப்போகும்."

லேபில் இருந்த பெண் டப்பாவை நீட்டி, "மாத்திரை ஏதும் சாப்பிடுறீங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல" என்றாள் அக்கா. மெடிக்கலில் சும்மா வாங்கிப் போடுவதற்காக டாக்டர் முன்பே திட்டியிருந்தார், அந்தப் பயம். நான் பக்கத்தில்தான் நின்றேன். பேசவில்லை. அது பெரிய விஷயமென்று எனக்கும் தெரியாது.

மூன்றாம் நாள் ரிப்போர்ட் வாங்க மறுபடி மூவரும் போனோம். கிருமி இல்லை. மனப் பதட்டமாக இருக்கலாம் என்று டாக்டர் தூக்கத்துக்கு மாத்திரை எழுதினார்.

திரும்பும்போது காரியாபட்டி தாண்டியதும் அக்கா எழுந்தாள். "ஏங்க, பஸ்ஸ நிப்பாட்டச் சொல்லுங்க."

"இப்பத்தான மதுரையில போன? ஒண்ணுமில்லைன்னு எழுதியே குடுத்துட்டாக. மனச அடக்கிட்டு உக்காரு."

அவள் உட்கார்ந்தாள். அருப்புக்கோட்டையில் எல்லாரும் இறங்கிய பிறகும் எழுந்திருக்கவில்லை. சேலையும் சீட்டும் நனைந்திருந்தன. அத்தான் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கொடுத்துவிட்டு முன்னால் நடந்தார். அடுத்த வாரம் அவள் மில்லை விட்டு நின்றாள். அதன்பின் ஆஸ்பத்திரிப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. மாத்திரையும் சுண்ணாம்புமாக இரண்டு வருடம் போனது.

போன ஆவணியில் ஒரு மத்தியானம் உடம்பு தூக்கித் தூக்கிப் போடக் குளிர்காய்ச்சல் வந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு அலறினாள். 108-ல் ஏற்றினோம். மாத்திரை தேட நேரமில்லை. அப்படி மாத்திரை போடாமல் எடுத்த நீரில்தான் முதன்முதலாகக் கிருமி தெரிந்தது. அரைகுறையாகப் போட்டுப் போட்டுப் பழகிப்போனதால், மெடிக்கலில் வாங்கிய மாத்திரைகள் எதற்கும் அது இனிமேல் கட்டுப்படாது என்றும் தெரிந்தது.

அங்கே இருந்த டாக்டரம்மா பழைய ரிப்போர்ட்டுகளைப் புரட்டிப் பார்த்தார். "இந்த டெஸ்டுகளுக்கு முன்னாடி ஏதாவது மாத்திரை போட்டாங்களா?"

அத்தான் இல்லையென்று தலையாட்டினார். நான் வாய் திறந்தேன். "போட்டாக. பஸ்ஸுக்காக. மூணு தடவையும்."

டாக்டரம்மா ரிப்போர்ட்டுகளை மூடி வைத்தார். பிறகு சொன்னார்: "மாத்திரை நீர்ல இருக்கிற கிருமியத்தான் அடிச்சிருக்கு. மூத்திரப்பையோட சுவருக்குள்ள ஒளிஞ்சிருந்தது அப்படியே இருந்திருக்கு. அந்த நேரத்துல டெஸ்ட் எடுத்தா எப்படித் தெரியும்? அது மேல ஏறி ஏறி ஒரு கிட்னியவே அரிச்சிருச்சு."

அத்தான் வெளியே போய் சுவரைப் பார்த்து நின்றார். கட்டிலில் கிடந்த அக்கா என்னைக் கிட்டே கூப்பிட்டு, "இருக்குன்னு சொல்லிட்டாகளா?" என்று மட்டும் கேட்டாள்.

"சொல்லிட்டாகக்கா" என்றேன். கண்ணை மூடிக்கொண்டாள்.

அக்காவுக்கு இப்போது நாற்பத்திரண்டு வயது. வலது சிறுநீரகம் சுருங்கிவிட்டது, இடதில்தான் ஓடுகிறது. ஆறு மாத மருந்தில் இது நான்காவது மாதம். கடைசி டெஸ்டிலும் கிருமி இருந்தது.